நாஸ்ல டிஸ்க் மாத்த போறீங்களா, ஸ்க்ரூ டிரைவர எடுக்குறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

முதல்ல நான் பண்ண கூத்த சொல்லிடுறேன். வீட்ல ஓடிட்டு இருந்த நாலு ஸ்லாட் நாஸ்ல (பல டிஸ்க் போட்டு, நெட்வொர்க் வழியா எல்லாரும் ஃபைல் வைக்கிற பொட்டி) ஒரு டிஸ்க் சாகுற நிலைமைக்கு வந்துடுச்சு, சாஃப்ட்வேர்ல பாத்தா டிஸ்க் 2 ஃபெயில்டுன்னு சிவப்பா காட்டுது, நானும் பெரிய இவன் மாதிரி இடது பக்கத்துலேந்து ரெண்டாவது ட்ரேய உருவிட்டேன். அடுத்த செகண்ட் பீப் பீப்னு கத்த ஆரம்பிச்சு மொத்த வால்யூமும் (டேட்டா இருக்கிற மொத்த இடம்) க்ராஷ்டுன்னு வந்துடுச்சு. விஷயம் என்னன்னா நான் போட்டிருந்த சாஃப்ட்வேர் 0, 1, 2, 3ன்னு எண்ணுது, பொட்டி மேல 1, 2, 3, 4ன்னு ஒட்டியிருக்கு. செத்தது மூனாவது ஸ்லாட், நான் உருவுனது நல்லா ஓடிட்டு இருந்த ரெண்டாவது. அந்த நேரம் யாரும் எதுவும் எழுதிட்டு இல்லாததால பவர ஆஃப் பண்ணிட்டு, உருவுனத திரும்ப சொருகி, கமாண்ட் லைன்ல அரேய (டிஸ்க்குங்க சேந்த கூட்டம்) வம்படியா சேத்து எப்படியோ மீட்டேன். அந்த ரெண்டு மணி நேரம் எனக்கு வேர்த்த வேர்வை எனக்குத்தான் தெரியும்.

அதுக்கப்புறம் மூனு பொட்டிக்கு டிஸ்க் மாத்திட்டேன், ஒரு ஃபைல் கூட போகல. அதுல கத்துக்கிட்டதத்தான் இங்க எழுதுறேன். 4 டிபி டிஸ்க் நாலு போட்ட பொட்டி நிறைஞ்சு போச்சு, 8 டிபிக்கு மாத்தணும்னு வைங்க, அதையே உதாரணமா வெச்சுக்கலாம்.

பல டிஸ்க்க கூட்டு சேத்து ஓட்டுற ரெய்டு இருக்கே, ஒரு டிஸ்க் போனா தாங்கும்ல, அப்புறம் என்ன பயம்னு கேப்பீங்க. தாங்கும்தான், ஆனா நீங்க டிஸ்க் மாத்தும்போது அந்த "ஒரு டிஸ்க் போறது"ங்கறத நீங்களே வேணும்னே பண்றீங்க. ரெய்டு 5லயோ (ஒரு டிஸ்க் அளவு இடத்த பாதுகாப்புக்கு ஒதுக்குற வகை), சினாலஜிங்கற நாஸ் கம்பெனியோட அதே மாதிரியான எஸ்ஹெச்ஆர்லயோ ஒரு டிஸ்க்க உருவுன நொடிலேந்து புது டிஸ்க் முழுசா நிரம்புற வரைக்கும் உங்க டேட்டாவுக்கு காவலே இல்ல. 4 டிபிய விநாடிக்கு 150 எம்பி வேகத்துல நிரப்பணும்னா ஏழரை மணி நேரம் ஆகும், அதுவும் வேற யாரும் நாஸ தொடாம இருந்தாத்தான், நடுவுல படம் பாத்துட்டு ஃபோட்டோ ஏத்திட்டு இருந்தா ஒரு நாளைக்கு மேல இழுக்கும். நாலு டிஸ்க்கும் மாத்தணும்னா இதே கதை நாலு தடவ. அந்த நேரம் பூரா மிச்சம் இருக்கிற மூனு பழைய டிஸ்க்கும் முதல் செக்டர்லேந்து (டிஸ்க்ல டேட்டா வைக்கிற குட்டி கட்டம்) கடைசி செக்டர் வரைக்கும் மூச்சு விடாம படிச்சு குடுக்கணும், அஞ்சு வருஷமா சும்மா தூங்கிட்டு இருந்த கிழவன திடீர்னு மாரத்தான் ஓட சொல்ற மாதிரி. கீழ சொல்ற எல்லாமே இந்த காவல் இல்லாத நேரத்த பத்தினதுதான்.

1988ல பெர்க்லி பல்கலைக்கழகத்துல டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ்னு மூனு பேரு ரெய்டுங்கற பேர வெச்சப்ப அந்த ஆங்கில பேருல இருந்த "ஐ" எழுத்துக்கு மலிவானதுன்னு அர்த்தம். விலை குறைஞ்ச சின்ன டிஸ்க்குங்கள கூட்டு சேத்து ஒரு பெரிய டிஸ்க்கோட வேலைய வாங்குறது, அதுல ஒன்னு செத்தாலும் வேலை நிக்காம இருக்கிறது, அதுதான் ஐடியாவே. பேக்கப்ங்கற வார்த்தைக்கு அங்க இடமே இல்ல. தப்பா டெலிட் பண்ண ஃபைல ரெய்டு ஒழுங்கா எல்லா டிஸ்க்லேந்தும் டெலிட் பண்ணி குடுக்கும்.

அதனால பேக்கப். எல்லாரும் தாண்டி போற பகுதி இதுதான், தாண்டாதீங்க. ஒரு பெரிய யூஎஸ்பி டிஸ்க்லயோ, இன்னொரு நாஸ்லயோ, கிளவுட்லயோ முழு காப்பி ஒன்னு இருக்கணும். மூனு காப்பி, ரெண்டு விதமான இடம், ஒன்னு வீட்டுக்கு வெளியன்னு சொல்ற 3-2-1 விதி முடிஞ்சா ரொம்ப நல்லது, முடியலன்னா குறைஞ்சது மறுபடி கிடைக்காத ஃபோட்டோ, டாக்குமெண்ட் இதுக்காவது காப்பி எடுங்க, டவுன்லோடு பண்ண படம் போனா போகட்டும். எடுத்து வெச்சா மட்டும் போதாது, அதுலேந்து பத்து ஃபைல வேற கம்ப்யூட்டர்ல திறந்து பாருங்க, பெரிய வீடியோ ஒன்னு, பழைய ஃபோட்டோ ஒன்னு, ஜிப் ஃபைல் ஒன்னு. நிறைய பேரு மறக்குறது ரெண்டு விஷயம்: ஒன்னு நாஸோட செட்டிங்ஸ், யூசர், ஷேர் பர்மிஷன் எல்லாம் கான்ஃபிகரேஷன் பேக்கப்னு தனியா ஒரு ஃபைலா எடுக்க வழி இருக்கும், அத எடுத்து நாஸுக்கு வெளிய வைங்க. இன்னொன்னு என்கிரிப்ட் பண்ண ஃபோல்டரோட கீ. அந்த கீய அதே நாஸ்ல சேவ் பண்ணி வெச்சிருக்கிற புண்ணியவான்கள எனக்கு தெரியும், பொட்டிய பூட்டிட்டு சாவிய உள்ளயே வெச்ச கதை. டாக்கர்ல (நாஸ்லயே தனித்தனியா ஆப் ஓட்டுற வசதி) ஏதாவது ஓட்டுறீங்கன்னா அதோட கான்ஃபிக் ஃபோல்டரும் டேட்டாபேஸும் பேக்கப்ல வந்திருக்கான்னு பாருங்க.

அடுத்து பழைய டிஸ்க்குங்களோட உடம்ப பாக்கணும். போற டிஸ்க்கதான் தூக்கி போட போறோமே, எதுக்கு டெஸ்ட்னு நினைக்காதீங்க, ரீபில்டுக்கு, அதாவது புது டிஸ்க்க நிரப்புறதுக்கு, டேட்டா குடுக்க போறது மிச்சம் இருக்கிற பழசுங்கதான். ஒவ்வொன்னுக்கும் ஸ்மார்ட் (டிஸ்க் தன்னோட உடம்ப தானே கணக்கு வெச்சுக்கிற வசதி) எக்ஸ்டெண்டட் டெஸ்ட் ஓட்டுங்க, அப்புறம் ஸ்மார்ட் லிஸ்ட்ல நாலு நம்பர பாருங்க. 5ங்கறது கெட்டுப்போய் மாத்தி எழுதின செக்டர் கணக்கு, 197ங்கறது படிக்க முடியாம தொங்கிட்டு இருக்கிற செக்டர், 198ங்கறது ஆஃப்லைன் டெஸ்ட்லயும் தேறாதது. இந்த மூனும் 0வா இருக்கணும். 5ல ரெண்டு மூனு இருந்து வருஷ கணக்கா ஏறாம நின்னா நான் பெருசா கவலப்பட மாட்டேன், ஆனா 197 ஒன்னா இருந்தாலும் எனக்கு தூக்கம் வராது, ஏன்னா ரீபில்ட் நடுவுல சரியா அங்க போய்த்தான் முட்டும். 199ங்கறது டேட்டா கேபிள் வழியா போகும்போது வர பிழை கணக்கு, அது ஏறியிருந்தா பெரும்பாலும் டிஸ்க் மேல தப்பு இருக்காது, கேபிளோ ஸ்லாட் கனெக்டரோ சரியா உக்காரல, நாஸ ஆஃப் பண்ணிட்டு எடுத்து திரும்ப சொருகி பாருங்க.

ஸ்மார்ட் முடிஞ்சதும் டேட்டா ஸ்க்ரப் ஒன்னு ஓட்டுங்க. இது அரேல இருக்கிற எல்லாத்தையும் படிச்சு பாரிட்டியோட (ஒரு டிஸ்க் போனா அதுல இருந்தத கணக்கு போட்டு எடுக்க வெச்சிருக்கிற கூடுதல் டேட்டா) ஒத்து பாக்கும், ஒளிஞ்சிருக்கிற கெட்ட செக்டர் இருந்தா காவல் இருக்கும்போதே வெளிய வந்துடும், சரியும் பண்ணிடும். டிஸ்க் கம்பெனிங்க சாதா டிஸ்க்கோட டேட்டா ஷீட்ல 10இன் 14ஆம் அடுக்கு பிட் படிச்சா ஒரு பிழை வரலாம்னு போடுவாங்க, அது கணக்கு போட்டா 12.5 டிபி. இத வெச்சு 12 டிபிக்கு மேல ரெய்டு 5 கண்டிப்பா புட்டுக்கும்னு ரொம்ப நாளா பயமுறுத்திட்டு இருக்காங்க, எனக்கு அதுல முழு நம்பிக்கை இல்ல, நல்ல டிஸ்க்குங்க அந்த கணக்க விட எவ்வளவோ நல்லாத்தான் படிக்குது, மாசா மாசம் ஸ்க்ரப் ஓட்டுற பொட்டிங்களே அதுக்கு சாட்சி. ஆனா ஸ்க்ரப்பே ஓட்டாத பொட்டில அந்த பயம் நியாயம்தான்.

இப்ப டிஸ்க் வாங்குறது. டிஸ்க்ல எழுதுற விதத்துல ரெண்டு வகை இருக்கு, சிஎம்ஆர், எஸ்எம்ஆர். சிஎம்ஆர்ல ட்ராக்குங்க (டேட்டா எழுதுற வட்டம்) ஒன்னு மேல ஒன்னு ஏறாது. எஸ்எம்ஆர்ங்கறது கூரைல ஓடு அடுக்குன மாதிரி ஒரு ட்ராக் மேல இன்னொரு ட்ராக் லேசா ஏறி உக்காந்திருக்கும், அதனால நிறைய டேட்டா அடங்கும், ஆனா நடுவுல ஒரு ஓட்ட மாத்தணும்னா பக்கத்துல இருக்கிற எல்லா ஓட்டையும் எடுத்து திரும்ப அடுக்கணும். சாதாரணமா ஃபைல் வைக்க ஓகே, ஆனா ரீபில்ட் மாதிரி நிக்காம எழுதுற வேலை வந்தா வேகம் பாதாளத்துக்கு போய்டும், மணி கணக்குல முடியிறது நாள் கணக்குல இழுக்கும், சில சமயம் டிஸ்க் பதிலே சொல்லலன்னு நாஸே அத வெளிய தள்ளிடும். 2020ல வெஸ்டர்ன் டிஜிட்டல் தன்னோட ரெட் வரிசைல 2 டிபிலேந்து 6 டிபி வரைக்கும் சில மாடல்ல எஸ்எம்ஆர் போட்டு, அத சொல்லாமலே வித்தது வெளிய வந்து பெரிய சண்டையாச்சு, அதுக்கப்புறம்தான் வெறும் ரெட்னா எஸ்எம்ஆர், ரெட் ப்ளஸ், ரெட் ப்ரோன்னா சிஎம்ஆர்னு பிரிச்சாங்க. சீகேட் அயன்வுல்ஃப், தோஷிபா என்300 இதெல்லாம் சிஎம்ஆர். எத வாங்கினாலும் மாடல் நம்பர வெச்சு கம்பெனியோட டேட்டா ஷீட்ல சிஎம்ஆர்னு எழுத்துல இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க, கடைக்காரர் சொல்றத நம்பாதீங்க.

நாஸ் டிஸ்க்னு தனியா விக்கிறதுல இன்னொரு நல்லது இருக்கு. படிக்க முடியாத செக்டர் வந்தா அது சுமார் 7 செகண்ட் முயற்சி பண்ணிட்டு முடியலன்னு சொல்லிடும், உடனே ரெய்டு மத்த டிஸ்க்லேந்து கணக்கு போட்டு எடுத்துக்கும். டெஸ்க்டாப் டிஸ்க் தனியா வேலை செய்யுற ஆளு, வேற யாரும் உதவிக்கு இல்லன்னு நினைச்சு நிமிஷ கணக்குல முட்டிட்டு இருக்கலாம், ஆனா நாஸுக்குள்ள ஓடுற லினக்ஸ் சாதாரணமா 30 செகண்ட்தான் பொறுக்கும், அதுக்கு மேல போனா டிஸ்க்கே போச்சுன்னு முடிவு கட்டிடும். நல்லா இருக்கிற டிஸ்க் ஒரே ஒரு செக்டருக்காக அரேலேந்து துரத்தப்படுறது இப்படித்தான்.

உங்க நாஸ் மாடலோட கம்பாட்டிபிலிட்டி லிஸ்ட்லயும் பாருங்க, பெரிய சைஸ் டிஸ்க்கு ஃபர்ம்வேர் அப்டேட் வேணும்னா அத எல்லாம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. ரொம்ப பழைய 32 பிட் ப்ராசஸர் பொட்டியா இருந்தா ஒரு வால்யூம் 16 டிபிக்கு மேல போகாது, பெரிய டிஸ்க் போட்டும் பிரயோஜனம் இல்லாம நிக்கும். அப்புறம் முடிஞ்சா நாலையும் ஒரே நாள்ல ஒரே இடத்துல வாங்காதீங்க, ஒரே பேட்ச்ல வந்ததுங்க ஒரே நேரத்துல படுக்கிறதுக்கு வாய்ப்பு இருக்கு.

இடம் எவ்வளவு கூடும்ங்கற கணக்கு பல பேர குழப்பும். ரெய்டு 5ல இருக்கிறதுலயே சின்ன டிஸ்க்தான் அளவு, நாலு 4 டிபி போட்டா 12 டிபி, அதுல மூன 8 டிபியா மாத்தினாலும் அதே 12தான், நாலாவதும் மாறினாத்தான் 24 ஆகும். எஸ்ஹெச்ஆர்ல மொத்தத்துலேந்து பெரிய டிஸ்க் ஒன்ன கழிங்க, முதல் டிஸ்க் மாத்தினதும் 20ல 8 போக 12, ஒரு ஜிபி கூட கூடாது, ரெண்டாவது மாத்தினா 16, மூனாவதுக்கு 20, நாலாவதுக்கு 24. இவ்வளவு நேரம் காத்திருந்து இடமே கூடலயேன்னு முதல் டிஸ்க்லயே பதறி எதையாவது அமுக்காதீங்க. 8 டிபின்னு வாங்கினது 7.28ன்னு காட்டுறதும் ஏமாத்து இல்ல, கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணுது, கம்ப்யூட்டர் 1024 1024ஆ எண்ணுது.

புது டிஸ்க் வந்ததும் நேரா நாஸ்ல சொருக ஆசையா இருக்கும். பார்சல் குளிர்லேந்தோ வெயில்லேந்தோ வந்திருந்தா சில மணி நேரம் அப்படியே ரூம்ல வைங்க, அப்புறம் யூஎஸ்பி டாக்ல (டிஸ்க்க கம்ப்யூட்டர்ல வெளிலேந்து மாட்டுற ஸ்டாண்ட்) போட்டு எக்ஸ்டெண்டட் டெஸ்ட் ஓட்டுங்க, 8 டிபிக்கு அரை நாளுக்கு மேல ஆகும். பேட்பிளாக்ஸ் மாதிரி டூல் வெச்சு முழுசா எழுதி படிச்சு பாக்குறவங்களும் இருக்காங்க, நாலு பேட்டர்ன், ஒவ்வொன்னுக்கும் ஒரு தடவ எழுதணும் ஒரு தடவ படிக்கணும், 8 டிபிக்கு அஞ்சு நாள் போய்டும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்ல, ஒரு எக்ஸ்டெண்டட் டெஸ்டோட விட்டுடுவேன். ஆனா டெஸ்டே பண்ணாம போடாதீங்க, புது டிஸ்க்லயும் சிலது ஆரம்பத்துலயே செத்துடும், அது உங்க ரீபில்ட் நடுவுல நடக்க வேணாம்.

மாத்துற அன்னிக்கு முதல் வேலை லேபிள். நாஸ ஒழுங்கா ஷட்டவுன் பண்ணி ஒவ்வொரு ட்ரேயா வெளிய எடுத்து, டிஸ்க் ஸ்டிக்கர்ல இருக்கிற சீரியல் நம்பரோட கடைசி நாலு எழுத்த ஒரு டேப்ல எழுதி ட்ரே முகப்புல ஒட்டுங்க, எந்த ட்ரே எந்த ஸ்லாட்ல இருந்துச்சோ அதே ஸ்லாட்ல திரும்ப போடுங்க, ஒரு ஃபோட்டோவும் எடுத்துக்கோங்க. இதுக்கப்புறம் ஸ்லாட் நம்பர்ங்கற பேச்சே வேணாம், சாஃப்ட்வேர்லயும் சீரியல் நம்பர பாருங்க, ட்ரேலயும் சீரியல் நம்பர பாருங்க, ரெண்டும் ஒன்னா இருந்தா மட்டும் கை வைங்க. மேல சொன்ன கூத்து அன்னிக்கு இந்த டேப் இருந்திருந்தா நடந்தே இருக்காது.

எத முதல்ல மாத்துறதுன்னா, உடம்பு சரியில்லாத டிஸ்க் எதுவோ அதுதான் முதல்ல, சைஸெல்லாம் அப்புறம். எல்லாம் நல்லா இருந்தா சின்னதுலேந்து ஆரம்பிங்க. யூபிஎஸ் இல்லாம தயவு செஞ்சு இதுல இறங்காதீங்க. டவுன்லோடு, கேமரா ரெக்கார்டிங், ஃபோட்டோ இண்டெக்சிங், ராத்திரி ஓடுற வேலைங்க எல்லாத்தையும் நிறுத்துங்க, ஈமெயில் அலர்ட் வருதான்னு ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பி பாருங்க.

உங்க பொட்டில காலி ஸ்லாட் ஒன்னு இருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம். சினாலஜியோட சிஸ்டமான டிஎஸ்எம் 7ல ரீப்ளேஸ் டிரைவ்னு ஒரு வழி இருக்கு, புது டிஸ்க்க காலி ஸ்லாட்ல போட்டா பழசு உள்ள இருக்கும்போதே அதுலேந்து இதுக்கு காப்பி ஆகும், காவல் போகவே போகாது. ட்ரூநாஸ் மாதிரி இசட்எஃப்எஸ் (டிஸ்க்குங்கள கூட்டா ஆளுற இன்னொரு சிஸ்டம்) வெச்சிருக்கிற ஆளுங்களுக்கும் அதே மாதிரி பழசையும் புதுசையும் ஒன்னா மாட்டிட்டு ரீப்ளேஸ் பண்ணலாம், பூல்ல (எல்லா டிஸ்க்கும் சேந்த மொத்த இடம்) ஆட்டோ எக்ஸ்பேண்ட் ஆன்ல இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க, இல்லன்னா எல்லாம் மாத்தினப்புறமும் இடம் கூடாம முழிப்பீங்க. இந்த வழி இருக்கும்போது உருவி மாத்துறது தேவையில்லாத ரிஸ்க்.

காலி ஸ்லாட் இல்லன்னா உருவித்தான் ஆகணும். முதல்ல சாஃப்ட்வேர்ல அந்த டிஸ்க்க டீஆக்டிவேட் பண்ணுங்க. ஓடும்போதே மாத்த முடியாத சின்ன மாடல்னா ஷட்டவுன் பண்ணுங்க. ட்ரேய ஒரே இழுப்பா இழுக்காதீங்க, லீவர திறந்து ஒரு விரல் அளவு மட்டும் வெளிய இழுத்து கனெக்டர்லேந்து விடுபட்டதும் அப்படியே அரை நிமிஷம் விடுங்க, கைல லேசா ஒரு அதிர்வு தெரியும், உள்ள தட்டு இன்னும் சுத்திட்டு இருக்கு, அது அடங்குன அப்புறம் முழுசா எடுங்க. புது டிஸ்க்க ட்ரேல மாட்டும்போது ஸ்க்ரூவ பாருங்க, 3.5 இஞ்ச் டிஸ்க்குக்கு தடிச்ச மரை இருக்கிற ஸ்க்ரூ, 2.5 இஞ்ச்க்கு மெல்லிசு மரை, மாத்தி போட்டு முறுக்குனா மரை போய்டும். சில பெரிய சைஸ் டிஸ்க்ல நடு ஸ்க்ரூ ஓட்டையே இருக்காது, பழைய ட்ரே நடு ஓட்டைய நம்பி இருந்தா ரெண்டு ஸ்க்ரூதான் உக்காரும், அதிர்வு வரும், இத வாங்குறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க.

உள்ள போட்டதும் புது டிஸ்க்னு காட்டும். இங்க ரிப்பேர்ங்கறதத்தான் அமுக்கணும். க்ரியேட் நியூ பூல், இனிஷியலைஸ் அப்படின்னு வேற எது கண்ணுல பட்டாலும் கை வைக்காதீங்க. ரிப்பேர்ல எந்த டிஸ்க் அழியும்னு ஒரு எச்சரிக்கை வரும், அதுல இருக்கிற பேரு புது டிஸ்க்தானான்னு படிச்சுட்டு ஓகே குடுங்க. அப்புறம் நீங்க பண்ண வேண்டியது சும்மா இருக்கிறது, ரீஸ்டார்ட் பண்ணாதீங்க, அப்டேட் போடாதீங்க, ஃபேன் சத்தம் கூடினா பயப்படாதீங்க.

நடுவுல ரெண்டாவது டிஸ்க் ஒன்னு தகராறு பண்ணுதுன்னா உடனே எதையும் உருவாதீங்க, இனிஷியலைஸ் பண்ணாதீங்க. திரைல வர பிழை பதிவ ஃபோட்டோ எடுத்துட்டு ஷட்டவுன் பண்ணுங்க, தகராறு பண்ற டிஸ்க்க டிடிரெஸ்க்யூங்கற மீட்பு டூல் வெச்சு வேற நல்ல டிஸ்க்குக்கு க்ளோன் எடுத்து பாக்கலாம். பேக்கப் இருந்தா இதெல்லாம் எரிச்சல்தான், இல்லன்னா பேரிடர்.

முடிஞ்சதும் பூல் ஹெல்தின்னு வந்துச்சா, நாலு ஃபைல திறந்து பாத்தாச்சா, புது டிஸ்க் ஸ்மார்ட்ல 5, 197 ரெண்டும் 0தானா, அப்புறம் ஒரு ஸ்க்ரப், அதுக்கப்புறம்தான் அடுத்த டிஸ்க். நேரமாகுதேன்னு ஸ்க்ரப்ப தாண்டாதீங்க. நாலும் மாறினதும் பூல் பெருசாகும், வால்யூம் சில பொட்டில தானா பெருசாகாது, தனியா போய் எக்ஸ்பேண்ட் அமுக்கணும். புது டிஸ்க்குங்க நிமிஷத்துக்கு 7200 தடவ சுத்துனா பழசவிட சூடாகும், முதல் வாரம் டெம்பரேச்சர பாருங்க, 45 டிகிரிய தாண்டிட்டே இருந்தா ஃபேன் வேகத்த ஏத்துங்க.

நாலும் மாத்துறதா இருந்தா இன்னொரு குறுக்கு வழியும் இருக்கு, எனக்கு பல சமயம் அதுதான் பிடிக்கும். நாஸ ஆஃப் பண்ணி நாலு பழைய டிஸ்க்கையும் மொத்தமா எடுத்து வரிசை மாறாம பத்திரமா வெச்சிடுங்க, நாலு புதுசையும் போட்டு முதல்லேந்து சிஸ்டம் இன்ஸ்டால் பண்ணி புது பூல் போட்டு பேக்கப்லேந்து ஏத்திடுங்க. ரீபில்ட் நாலு தடவ இல்ல, பழைய செட் அப்படியே இன்னொரு பேக்கப்பா அலமாரில தூங்கும், ஏதாவது சொதப்பினா திரும்ப அதே ஸ்லாட்ல போட்டா பழைய பொட்டி வந்துடும். முழு பேக்கப் இருக்கிறவங்களுக்குத்தான் இது.

ஒன்னு ஒன்னா உருவுன டிஸ்க்குங்க விஷயம் வேற, ரெய்டு 5லேந்து எடுத்த ஒத்த டிஸ்க்ல முழுசா எதுவும் இருக்காது, ரெய்டு 1லேந்து எடுத்ததுன்னா அன்னிய தேதி வரைக்கும் முழு காப்பி. எதுவா இருந்தாலும் ஒரு மாசம் தேதி எழுதி வைங்க. அப்புறம் விக்கிறதோ யாருக்காவது குடுக்கிறதோன்னா முழுசா ஒரு தடவ 0 எழுதி அழிச்சிட்டு குடுங்க, ரெய்டு 5 துண்டுல ஒன்னும் படிக்க முடியாதுன்னு விட்டுடாதீங்க, ஒரு துண்டுக்கு 64 கேபி இருந்தாலே அதுல பாஸ்வேர்ட் எழுதி வெச்ச டெக்ஸ்ட் ஃபைல் ஒன்னு முழுசா உக்காந்திருக்கும்.